பத்திரத்தை எடுத்துக்கிட்டு நேரில் போங்க

தம்பி, கிரீன் கார்டு வந்த கையோட அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துச் சாத்தம் கவுண்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 12 ஏக்கர் வாங்கியிருக்கீங்க. வெண்டை, கத்திரி, மிளகாய் போட்டு கேரி ஊர்ப் பக்கம் நம்ம ஆட்களுக்கு விற்கணும், அரசு உதவிக்கு எங்கே போறதுன்னு கேட்டிருந்தீங்க.

முதல்ல உங்க கவுண்டிக்கான யு.எஸ்.டி.ஏ. (அமெரிக்க வேளாண் துறை) சேவை மையத்துக்கு போன் பண்ணி நேரம் வாங்குங்க. பத்திரமும் அடையாள அட்டையும் காட்டினா அங்கே எஃப்.எஸ்.ஏ.ங்கிற பண்ணைச் சேவைப் பிரிவுல பண்ணை எண் கொடுப்பாங்க. அது இல்லாம எந்த மானியமும் நகராது. 50,000 டாலர் வரைக்கும் சிறுகடன் கொடுக்கிறதும் அவங்கதான்.

அடுத்தது அதே வேளாண் துறையோட இன்னொரு பிரிவு, என்.ஆர்.சி.எஸ். மண், நீர் பாதுகாப்பு இவங்க பொறுப்பு. ஆள் வந்து உங்களோட நிலத்தைச் சுற்றிப் பார்த்துத் திட்டம் போட்டுத் தருவார், காசு கிடையாது. இவங்களோட 'ஈக்விப்' மானியத் திட்டத்துல பாலித்தீன் டனல் (பயிருக்கு மேல போடுற பிளாஸ்டிக் கூடாரம்), சொட்டுநீர், மூடுபயிர் (மண்ணைக் காக்க விதைக்கிறது) இதுக்கெல்லாம் பணம் உண்டு. விவசாயத்துக்கு வந்து 10 வருஷம் ஆகாதவங்களுக்கு 90 சதவீதம் வரைக்கும் போகும், பாதியை முன்பணமாவும் கேட்கலாம். ஆனா அது அவங்க நிர்ணயிச்ச மதிப்புல, உங்க பில்லுல இல்லை.

இதை மட்டும் மறக்காதீங்க: ஒப்பந்தத்துல கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடி வேலையை ஆரம்பிக்கக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் டனலை நிறுத்திட்டு அப்புறம் மனு போட்டார், சல்லிக்காசு வரலை. மனு வருஷம் முழுக்க வாங்குவாங்க, ஆனா கெடு தேதி வச்சு மதிப்பெண் போட்டுத்தான் பணம் ஒதுக்குவாங்க. இந்த வருஷம் கிடைக்கலைன்னா சோர்ந்துடாதீங்க.

மாநிலமும் தனியா 'மண், நீர் பாதுகாப்பு மாவட்டம்'ங்கிற உள்ளூர் அமைப்பு வழியா இந்த மாதிரி வேலைச் செலவுல 75 சதவீதம் வரைக்கும் தருது. அதையும் கேளுங்க.

மண் பரிசோதனைக்கு மாதிரி அனுப்புற பெட்டி, கவுண்டியோட எக்ஸ்டென்ஷன் (விவசாய ஆலோசனை) ஆபீஸ்ல இலவசம். ஏப்ரல்ல இருந்து நவம்பருக்குள்ள போய்ச் சேர்ந்தா பரிசோதனையும் இலவசம், மற்ற மாசங்கள்ல ஒரு மாதிரிக்கு 4 டாலர். எடுத்த மண்ணை பிளாஸ்டிக் வாளியில கலங்க. துத்தநாகம் பூசின தகர வாளின்னா கணக்கே தப்பாயிடும்.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. பழைய உரிமையாளர் விவசாய வரிச்சலுகையில இருந்தாரான்னு கவுண்டி வரி ஆபீஸ்ல கேளுங்க. இருந்தா, நிலம் கைமாறின 60 நாளுக்குள்ள நீங்க உங்க பேர்ல மனு போடணும். விட்டா கடைசி மூணு வருஷச் சலுகைத் தொகை வட்டியோட நிலத்து மேல விழும். காய்கறிக்கு 5 ஏக்கராவது சாகுபடியில இருக்கணும், மூணு வருஷச் சராசரியா 1,000 டாலர் விற்பனையும் காட்டணும். அதனால கேரியில கைக்காசுக்கு வித்தாலும் ரசீது எழுதி வைங்க.

எச்1பி வேலை விசாவுல இருக்கிற உங்க நண்பரும் நிலம் பார்க்கிறார்னு எழுதியிருந்தீங்க. அவர் விவசாய நிலம் வாங்கினா 90 நாளுக்குள்ள அதே எஃப்.எஸ்.ஏ.வுல வெளிநாட்டவர் நில அறிக்கை கொடுக்கணும். 1978-லேயே வந்த சட்டம். தவறினா அபராதம் நிலத்தோட சந்தை மதிப்புல 25 சதவீதம் வரைக்கும் போகலாம். வாங்கறதுக்கு முன்னாடியே அவர் வக்கீலைப் பார்க்கட்டும்.