கைகளின் கணக்கு

வணக்கம்.

நான் திருச்சி மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறேன். என் அம்மாவுக்கு 81 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சு குழறுகிறது, நாம் பேசுவது நன்றாகவே புரிகிறது. என் மனைவி தனியார் பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொள்கிறாள். சென்னையில் இருக்கும் தம்பி மாதம் 10,000 ரூபாய் தவறாமல் அனுப்புகிறான். ஏஜென்சி மூலம் வந்த இரண்டு பெண்களும் நிலைக்கவில்லை. போன மாதம் மனைவியே முதுகுவலியால் எழ முடியாமல் படுத்துவிட்டாள். பக்கத்தில் ஒரு நல்ல முதியோர் இல்லத்தைப் பார்த்து வந்தேன் என்று சொன்னதும் வீடு இரண்டுபட்டுவிட்டது. ‘வீட்டை எழுதி வாங்கிக்கொண்டவன் நீதானே’ என்கிறான் தம்பி. ‘ஊர் சிரிக்கும்’ என்கிறார் மாமா. முதியோர் இல்லங்கள் பெருகுவது நம் குடும்பங்களின் தோல்வி என்று முன்பு நீங்கள் எழுதியிருந்தீர்கள். இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறீர்களா? பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டித் தம்பியையும் பொறுப்பேற்க வைக்க முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அந்தக் கருத்தில் இன்று நான் இல்லை. அதை எழுதியபோது என் அம்மா தன் காலால் நடந்து குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். நடமாடும் முதுமையை மட்டும் பார்த்துவிட்டு முதுமையைப் பற்றிய தீர்ப்பை எழுதிவிட்டேன்.

பிறகு அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கடைசி இரண்டு ஆண்டுகள் அக்காள் வீட்டில் படுத்தபடுக்கையாக இருந்தார். நான் மாதம் ஒருமுறை பழங்களோடு போவேன். என்னைக் கண்டதும் அம்மாவின் முகம் மலரும், ‘நீ ஒருத்தன்தான் என்னைக் கேட்கிறாய்’ என்பார். கையில் ஈரத்துணியோடு அக்காள் வாசற்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். படுத்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படியென்றால் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை, அதில் மூன்று முறையாவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில். மாதக்கணக்கில் அதைச் செய்தவள் ஏதோ ஒரு வாரத்தில் அசந்து தூங்கிப்போனாள். அம்மாவின் முதுகின் அடியில் தோல் சிவந்து, பின் புண்ணாயிற்று. பார்க்க வந்த மருத்துவர் ‘கவனிப்பு போதவில்லை’ என்று அக்காளைப் பார்த்துச் சொன்னார். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. குடும்பத்தின் தோல்வி என்று நான் எழுதிய சொற்றொடரில் குடும்பம் என்பது யார் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

முதியவர்களைக் கண்ணியமாக நடத்துவது என்று நாம் பெரிய சொல்லாகச் சொல்வது, படுக்கையருகே வரும்போது மிகச் சிறிய செயல்களாகப் பிரிந்துவிடுகிறது. உடை மாற்றும்போது கதவைச் சாத்துவது, துடைக்கும்போது மீதி உடம்பைப் போர்த்திவைப்பது, நனைந்த டயபரோடு காக்க வைக்காமல் இருப்பது, ஊட்டும்போது முந்தைய கவளத்தை விழுங்கிவிட்டாரா என்று பார்ப்பது. இவற்றுக்கெல்லாம் அன்பு வேண்டும்தான், ஆனால் அதைவிட நேரமும் தூக்கமும் வலுவுள்ள முதுகும் வேண்டும். களைத்துப்போன ஒருவர் சோறூட்டுவதையும் மாத்திரை கொடுப்பதையும் விடமாட்டார். கதவைச் சாத்துவதையும் போர்த்திவிடுவதையும்தான் முதலில் விட்டுவிடுவார். ஆகவே உங்கள் மனைவியின் முதுகுவலியை அம்மாவின் பராமரிப்பிலிருந்து வேறான ஒன்றாக எண்ணாதீர்கள். உங்கள் வீட்டில் அன்பு குறையவில்லை, பணம்கூடப் பெரிதாகக் குறையவில்லை, கைகள்தான் குறைகின்றன. தம்பியின் 10,000 ரூபாய் இன்னொரு ஜோடிக் கையாக மாறாதவரை, அது உங்கள் மனைவியை அந்தக் கட்டிலோடு இன்னும் இறுக்கிக் கட்டும் கயிறாகத்தான் இருக்கும்.

இந்தக் கேள்வியை ஒரு நாடே உட்கார்ந்து விவாதித்திருக்கிறது. ஜப்பானில் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்வது நெடுங்காலமாக மருமகளின் வேலை. நீண்டகாலப் பராமரிப்புக்கான காப்பீட்டுச் சட்டத்தை 1997இல் நிறைவேற்றி 2000 ஏப்ரலில் அவர்கள் நடைமுறைப்படுத்துவதற்கு முன்னால், வீட்டில் பராமரிப்பவருக்கு ரொக்கம் கொடுப்பதா, ஆளையும் சேவையையும் கொடுப்பதா என்ற வாதம் கடுமையாக நடந்தது. 1995இல் இத்தகைய காப்பீட்டைத் தொடங்கிய ஜெர்மனி ரொக்கத்தையும் தருகிறது. ஜப்பானின் பெண்ணியர்கள் ரொக்கத்தை எதிர்த்தார்கள். அது மருமகளின் கையில் சிறு தொகையைத் திணித்து அவளை வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிடும் என்பது அவர்கள் வாதம். கடைசியில் சேவைதான் என்று முடிவாயிற்று. 40 வயதைக் கடந்த அனைவரும் சந்தா கட்டுகிறார்கள், செலவில் ஏறத்தாழப் பாதியை வரிப்பணம் ஏற்கிறது, முதியவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று ஏழு படிகளில் மதிப்பிடுகிறார்கள், பயன்பெறுபவர் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால் போதும். காலையில் வேன் வந்து பாட்டியைப் பகல்நேரப் பராமரிப்பு மையத்துக்கு அழைத்துப்போகிறது. அங்கே குளிக்கவைத்து, மதிய உணவு கொடுத்து, மாலையில் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தச் சில மணி நேரம் மருமகளுக்கு உரியது. முதியவர் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் வீடு தனியாக இல்லை.

இதற்கும் விலை உண்டு. முதியவர்கள் கட்டும் மாதச் சந்தா தொடக்கத்தில் சராசரியாக 3,000 யென்னுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, இன்று 6,000ஐத் தாண்டிவிட்டது. பராமரிப்பு வேலைக்கு ஆள் கிடைப்பதும் அங்கே பெரும்பாடு. அந்த வேலைக்குக் கூலி குறைவாக இருக்கும்வரை ஆள் எப்படி நிலைப்பார்? உங்கள் வீட்டுக்கு வந்துபோன பெண்கள்மீது கடிதத்தில் கொஞ்சம் கசப்பு தெரிகிறது. நீங்கள் கொடுத்ததில் ஏஜென்சி எடுத்துக்கொண்டது எவ்வளவு, அவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது எவ்வளவு, வாரத்தில் ஒரு நாளாவது விடுப்பு இருந்ததா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். அவர்களில் ஒருத்தி ஊரில் தன் தாயை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வந்திருக்கவும் கூடும்.

ஜப்பான் பணக்கார நாடு என்று நீங்கள் சொல்லலாம். கேரளம் அப்படியல்ல. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோரின் முயற்சியில் ஒரு சிறு வலிநிவாரணச் சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. சில ஆண்டுகளில் அது ஊர்மக்களின் கைக்கு வந்தது. பக்கத்துத் தெருக்காரர்களே குறுகிய பயிற்சி பெற்று, படுத்திருப்பவரின் வீட்டுக்குப் போனார்கள். செலவு பெரிதும் சிறு சிறு நன்கொடைகளில் நடந்தது. புற்றுநோயாளிகளுக்கென்று தொடங்கியது மெல்ல மெல்லப் படுக்கையில் கிடக்கும் முதியவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2008இல் மாநில அரசு இதற்கென்று ஒரு கொள்கையை வகுத்தது. பிறகு பஞ்சாயத்துகளே செவிலியரை அமர்த்தி வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வீட்டுக்கு வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயர் பதிவாகியிருக்கிறதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் கேட்கிறேன். இல்லையென்றால் நாளையே பதிந்துவிடுங்கள். எப்போதோ ஒருநாள் வந்துபோகும் அந்தக் கை உங்கள் மனைவிக்கு இரவுத் தூக்கத்தைக் கொடுக்காது, ஆனால் புண் வருமுன் கண்டுபிடித்துவிடும்.

இனி சட்டம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன்படி, தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம், அவர்கள் அதிகாரமளித்த ஒருவரும் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல் தரச்சொல்லி அது ஆணையிட முடியும். அந்தத் தொகையைத்தான் உங்கள் தம்பி ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கிறாரே! முறைவைத்து வந்து பார்த்துக்கொள் என்று எந்தத் தீர்ப்பாயமும் ஒருவரைக் கட்டாயப்படுத்தாது. வீட்டை எழுதி வாங்கியதைப் பற்றித் தம்பி சொல்வதில் சட்டத்தின் சாயல் கொஞ்சம் இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, பெற்றவர் கைவிடப்பட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க 23ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. நிபந்தனை இருந்ததென நிறுவப்பட வேண்டும் என்று 2022இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2025 ஜனவரியில் வந்த ஒரு தீர்ப்பில் அந்தப் பிரிவை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொண்டது. அம்மா எழுதித் தந்த பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆனால் அந்தச் சட்டத்தில் என் கண்ணை உறுத்துவது வேறொன்று. அது ‘பிள்ளைகள்’ என்று வரையறுப்பது மகன், மகள், பேரன், பேத்தியை. அதில் மருமகள் இல்லை. 2019இல் வந்த திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் கடமைப்பட்டவர்கள் பட்டியலில் சேர்க்க முயன்றது, அது சட்டமாகவில்லை. உங்கள் வீட்டில் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பவரின் பெயர் சட்டத்திலும் இல்லை, வீட்டுப் பத்திரத்திலும் இல்லை, தம்பி பணம் அனுப்பும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தம்பியோடு பேசும்போது பணத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். மாதத்தில் நான்கு நாள் வந்து தங்கி, இரவுப் பொழுதைத் தான் ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் முடியாது என்றால், இரவுக்கு ஓர் ஆளை முறையான கூலிக்கும் விடுப்புக்கும் அமர்த்தும் முழுச் செலவும் அவருடையது. மாமாவுக்கும் ஓர் இரவு ஒதுக்குங்கள், ஊர் அப்புறம் சிரிக்கட்டும்.

இல்லத்தைப் பற்றி. அப்படி ஒரு முடிவுக்கு வந்தால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள், ஆனால் பளிங்குத் தரையையும் பூச்செடிகளையும் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் இரவு எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். எத்தனை பேருக்கு எத்தனை பேர் இரவுப் பணியில் இருக்கிறார்கள், படுத்திருப்பவர்களின் முதுகு எப்படி இருக்கிறது, அழைப்புமணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார் என்று பாருங்கள். உள்ளே விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் நீங்கள் பேசுகிறீர்கள், தம்பி பேசுகிறார், மாமா பேசுகிறார். நாம் பேசுவது அம்மாவுக்கு நன்றாகப் புரிகிறது என்று நீங்களே எழுதியிருந்தும், அவர் என்ன நினைக்கிறார் என்று எங்கும் இல்லை. நாக்கு ஒத்துழைக்காவிட்டாலும் இடக்கை வேலை செய்கிறது அல்லவா? ஆம் என்றால் என் கையை அழுத்துங்கள் என்று சொல்லி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வியாகக் கேளுங்கள். காலையில், அவர் களைப்பில்லாமல் இருக்கும்போது, உங்கள் மனைவி அறையில் இல்லாத வேளையில் கேளுங்கள். மனைவியின் முகத்தைப் பார்த்து அம்மா பதிலை மாற்றிவிடக்கூடும். பிறகு இன்னொரு நாள், நீங்கள் இல்லாத வேளையில் அதே கேள்வியை உங்கள் மனைவி அம்மாவிடம் கேட்கட்டும்.

அன்புடன்.