ஊராட்சியின் கார்பன் கணக்கை எங்கே தொடங்குவது?

கேள்வி: எங்கள் ஊராட்சி தன்னால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களை (பூமியைச் சூடாக்கும் வாயுக்கள்) குறைக்கத் திட்டம் போடுகிறது. அலுவலகக் கூரையில் சோலார் வைத்தால் போதும் என்கிறார்கள். சரியா?
– ஊராட்சி மன்ற உறுப்பினர், திருப்பூர் மாவட்டம்

பதில்: போதாது. அலுவலகத்தில் ஓடுவது சில மின்விசிறிகளும் கணினிகளும்தான். மின்சாரத்தை விழுங்குபவை குடிநீர் மோட்டாரும் தெருவிளக்கும். ஊராட்சியின் பெயரில் உள்ள எல்லா மின் இணைப்புகளுக்கும் ஓராண்டு யூனிட்டைக் கூட்டுங்கள். ரூபாயை வைத்துக் கணக்கிட வேண்டாம், கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும். யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்று கணக்கிடுங்கள். குப்பை வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் ஊற்றும் டீசலில் லிட்டருக்கு 2.7 கிலோ.

அடுத்து மோட்டாரைச் சோதியுங்கள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஊருக்குப் போகும் வால்வை அடைத்துவிட்டு (இதை மறந்தால் கணக்கே தப்பாகும்), காலித் தொட்டி நிரம்பும்வரை மீட்டர் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று குறியுங்கள். மோட்டார் ஓடும்போதுள்ள நீர்மட்டத்திலிருந்து தொட்டி வாய்வரை 60 மீட்டர் என்றால், 30,000 லிட்டர் ஏற்ற 11 யூனிட் ஆகலாம். 18 யூனிட் ஆகிறது என்றால் கோளாறு இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றின் வாயில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே சலசலவென்று தண்ணீர் பீய்ச்சும் சத்தம் வந்தால் குழாய் இணைப்பில் கசிவு. சத்தமே இல்லையென்றால், மணல் அரித்த இம்பெல்லரையோ (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்), கம்பிச் சுருளைப் பலமுறை மாற்றிக் கட்டிய மோட்டாரையோ சந்தேகியுங்கள். தினம் இருமுறை நிரப்பும் தொட்டியில் இந்த 7 யூனிட் வித்தியாசமே ஆண்டுக்கு 5,000 யூனிட்டைத் தாண்டும், மூன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு! பழுது பார்க்காமல் சோலார் போட்டால், அந்தக் கசிவுக்கும் சேர்த்துத் தகடு வாங்குகிறீர்கள்.

தெருவிளக்கில், செம்புச் சோக் போட்ட 40 வாட் டியூப்லைட் உண்மையில் இழுப்பது 55 வாட் அளவு. 20 வாட் எல்.இ.டி. மாட்டினால், இரவுக்கு 11 மணி நேரமாக 200 விளக்கில் ஆண்டுக்குச் சுமார் 28,000 யூனிட் மிச்சம். மின்னழுத்த ஏற்றம் தாங்கும் பாதுகாப்பு உள்ளதாக வாங்குங்கள். மலிவானவை முதல் இடிமழையிலேயே போய்விடும். டைமர் கெட்டுப் பகலில் எரியும் விளக்குகளையும் பாருங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் சொந்த மின்சாரம். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையை வாங்கியது. அது நிற்பது ஓடந்துறையில் அல்ல, காற்று நன்றாக வீசும் மைவாடியில். இடத்தேர்வுதான் அதில் பாதி வெற்றி.

கேள்வி: குப்பையும் கணக்கில் வருமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கட்டாயம் வரும். குவித்து வைத்த ஈரக்குப்பை காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடும். நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். உரக்குழியும் கிளறாமல் விட்டால் இதே கதிதான். வாரம் ஒருமுறை புரட்டுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழியும்போது விரலிடுக்கில் நீர் சொட்டினால் ஈரம் அதிகம், காய்ந்த சருகைக் கலந்து மறுபடி புரட்டுங்கள். முட்டை அழுகிய நாற்றம் அடித்தால் அடியில் காற்றே போகவில்லை என்று பொருள்.