தண்டவாளம் முடிந்தும் திறக்கவில்லையே!

கேள்வி: புதிய ரோலர் கோஸ்டர் ஒன்று கட்டப்படுவதை வேலிக்கு வெளியே நின்று மாதக்கணக்கில் பார்த்து வருகிறோம். தண்டவாளம் முழுவதும் பொருத்தப்பட்டுவிட்டது, ஆனாலும் திறக்கவில்லை. இப்போதே அதன் வேகத்தைக் கணிக்க முடியுமா? தாமதம் ஏன்?

பதில்: உங்கள் ஆவல் எனக்கும் உண்டு, கட்டுமானக் காலத்தின் இன்பமே தனி. சங்கிலியால் மேலே இழுக்கப்படும் வகையாக இருந்தால், முதல் சரிவின் உயரம் வேகத்தைச் சொல்லிவிடும். 50 மீட்டர் இறக்கத்தில், உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், மணிக்குச் சுமார் 113 கிலோமீட்டர் வரும். உண்மையான வேகம் சற்றே குறையும். உந்துவிசையால் ஏவப்படும் வகைக்கு இக்கணக்கு பொருந்தாது.

தலைகீழ்ச் சுழற்சி இருந்தால் அதன் வடிவத்தைக் கவனியுங்கள்: அது முழு வட்டமாக இராது, கண்ணீர்த் துளி போல மேலே குறுகியிருக்கும். வட்டமாக அமைத்தால் அடியில் நுழையும் கணத்திலேயே உடல் மீது அழுத்தம் திடீரென ஏறிவிடும் என்பதால், 1976-இல் கலிபோர்னியாவில் திறக்கப்பட்ட 'ரெவல்யூஷன்' சவாரிக்கு ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் இவ்வடிவத்தைக் கையாண்டார். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் தீர்வு இதுதான்.

இனி தாமதம். இருக்கைகளில் நீர் நிரப்பிய பொம்மைகளை அமர்த்தி, வெறுமையாகவும் முழுச் சுமையோடும், குளிரிலும் வெயிலிலும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்கள். ஏனெனில் சக்கரங்கள் குளிர்ந்திருக்கும்போது வண்டி மெதுவாக ஓடி, மேட்டைக் கடக்க முடியாமல் இரு மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் நின்றுவிடக்கூடும். பிரேக்குகள், உணரிகள் (சென்சார்கள்), பாதுகாப்புப் பட்டைகள் ஆகியவற்றின் சோதனையும் உண்டு. பொம்மைகள் ஏறிய வண்டியைக் கண்டால் மகிழுங்கள். அடுத்து ஏறுபவர்கள் பெரும்பாலும் பூங்காவின் பணியாளர்களே.