ஒகோச்சாவை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

கேள்வி: நைஜீரியக் கால்பந்து வீரர் ஜே-ஜே ஒகோச்சா ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறந்த வீரர் விருதை ஒரு தடவைகூட வாங்கவில்லை. அப்புறம் எப்படி இத்தனை ரசிகர்கள்?

பதில்: 1998இல் அந்த விருது மொராக்கோவின் முஸ்தபா ஹாஜிக்குப் போனது, ஒகோச்சா இரண்டாம் இடம். எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. ஆனால் ரசிகர்கள் விருதைப் பார்த்து அவரிடம் வரவில்லை. 1993 ஆகஸ்டில் ஃப்ராங்க்ஃபர்ட் அணிக்காக கார்ல்ஸ்ரூவுக்கு எதிராக அவர் அடித்த கோலைத் தேடிப் பாருங்கள். எதிரே நிற்பது கார்ல்ஸ்ரூவின் இளம் கோல்கீப்பர் ஆலிவர் கான். ஒகோச்சா அடிக்கப் போவதுபோல் காலை ஓங்குகிறார், கான் விழுகிறார், பந்து காலைவிட்டுப் போகவே இல்லை, அதற்குள் தடுப்பாட்டக்காரர்கள் ஓடிவந்து கோலை மறைக்க, இவர் இந்தப் பக்கம் ஒரு வெட்டு அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று எல்லோரையும் அலையவிட்டு, எழுந்து வந்த கானையும் மறுபடி விழவைத்து, கடைசியில்தான் அடிக்கிறார். ஜெர்மனியில் அந்த ஆண்டின் சிறந்த கோல் அதுதான். எனுகு நகரத் தெருக்களில், உருண்டையாக எது கிடைத்தாலும் அதை உதைத்து விளையாடி வளர்ந்தவர் அவர். அந்தத் தெரு ஆட்டத்தை எந்தப் பயிற்சியாளரும் அவரிடமிருந்து பிடுங்கிவிடவில்லை, அதுதான் நம் அதிர்ஷ்டம்.

வித்தை மட்டும் காட்டியவர் என்று சொல்பவர்கள் 1994 ஆப்பிரிக்கக் கோப்பையையும் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தங்கத்தையும் மறந்துவிடுகிறார்கள். அந்த ஒலிம்பிக்கில் நைஜீரியா அரையிறுதியில் பிரேசிலையும் இறுதியில் அர்ஜென்டினாவையும் வீழ்த்தியது!

கேள்வி: பாரிஸில் ஆடியவர் இங்கிலாந்தின் போல்ட்டன் மாதிரி சின்ன கிளப்புக்குப் போனது இறக்கம்தானே?

பதில்: இல்லவே இல்லை. 1998இல் பாரிஸ் செயின்ட் ஜெர்மேன் அவரைத் துருக்கியின் ஃபெனர்பாசே கிளப்பிடமிருந்து வாங்கியபோது அதுவரை எந்த ஆப்பிரிக்க வீரருக்கும் தராத விலையைத் தந்தது. 2002இல் ஒப்பந்தம் முடிந்திருந்ததால் போல்ட்டனுக்கு அவர் இலவசமாகவே கிடைத்தார். என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த காலமே அதுதான். 2003 ஏப்ரலில் போல்ட்டனும் வெஸ்ட் ஹாமும் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்கத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு அணிகளும் மோதின. ஒகோச்சா பந்தோடு நெடுந்தூரம் ஓடி, பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்தே வலையின் மேல்மூலைக்கு அனுப்பினார், 1-0. சீசன் முடிவில் போல்ட்டன் தப்பியது, வெஸ்ட் ஹாம் இறங்கியது. அடுத்த சீசனில் லீக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்டன் வில்லாவை 5-2 என்று அடித்தபோது அதில் இரண்டு இவருடைய ஃப்ரீ கிக். இறுதியில் மிடில்ஸ்பரோவிடம் தோற்றார்கள், சரி. ஆனால் கீழே இறங்கிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த ஓர் அணியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்ததில் கேப்டன் ஒகோச்சாவின் பங்கு சின்னதல்ல.

கேள்வி: பிரேசில் நட்சத்திரம் ரொனால்டினியோவுக்கு வித்தைகளைச் சொல்லிக்கொடுத்தது இவர்தானாமே?

பதில்: அது கொஞ்சம் மிகை. இருவரும் பாரிஸில் சேர்ந்து ஆடியது 2001-02 சீசனில் மட்டும்தான். ரொனால்டினியோ 1999 கோபா அமெரிக்காவிலேயே வெனிசுவேலாவுக்கு எதிராகத் தடுப்பாட்டக்காரரின் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப்போட்டு கோல் அடித்துக் காட்டிவிட்டார். இளம் வீரராக வந்தவர் ஒகோச்சாவைத் தினமும் பயிற்சியில் பார்த்து ரசித்திருப்பார், அது வேறு. ஒருவரின் புகழுக்கு இன்னொருவரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை.