அந்த ஈர வாடை ஏசி தண்ணீர்தானா?

கொளத்தூர் நண்பரே, 2010 போர்ஷே பாக்ஸ்டர், பயணி பக்கம் கார்பெட்டில் ஈர வாடை, "ஏசி தண்ணீர்தான் சார்" என்கிறார் விற்பவர், அட்வான்ஸ் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குக் கொடுக்காதீர்கள்.

ஏசி டிரெயின் அடைத்திருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இந்த வண்டியில் துணிக்கூரை மடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் வடிகால் துளை உண்டு. மரத்தடியில் நின்ற வண்டி என்றால் இலைக்குப்பை அடைத்து மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். கூரையைப் பாதி திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், பின் சக்கரத்துக்கு முன்னால் கீழே சொட்டினால் சரி.

உண்மையான பயம் 2023 டிசம்பர் சென்னை வெள்ளம்தான். வண்டி அப்போது எங்கே நின்றது என்று கேளுங்கள், பதிலை நம்பாதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அடிப்பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். அதை யாரும் கழுவுவதில்லை. சீட் போல்ட்டில் துரு, கார்பெட்டுக்கு அடியில் கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் விலை பேசாமல் வந்துவிடுங்கள். வயரிங் கோளாறு தீரவே தீராது, புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் பம்பர் கிடைத்தாலும் கிடைக்கும், இதற்குத் தீர்வு கிடைக்காது.

ஐஎம்எஸ் பேரிங் (பழைய பாக்ஸ்டர்களில் உடைந்து இன்ஜினையே கெடுத்த பாகம்) என்று யாராவது பயமுறுத்தினால் விடுங்கள், 2009 மாடலிலிருந்து வந்த இன்ஜினில் அது கிடையாது. டயரில் நான்கு இலக்கம் பாருங்கள், 2316 என்றால் 2016-இன் 23-ஆவது வாரம். பட்டன் தேயாமல் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை மாற்றத்தான் வேண்டும். அப்புறம், வாங்கினால் மழைநாளில் தண்ணீர் தேங்கும் கணேசபுரம் சப்வே பக்கம் போய்விடாதீர்கள்.