பழைய தோல் சப்பாத்துகளைச் சேர்த்தலும் பேணலும்: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கல்லடியிலிருந்து: ஐயா, அறுபதுகளில் லண்டனில் படித்த எங்கள் பெரியப்பாவின் பழுப்புச் சப்பாத்துச் சோடி ஒன்று அலுமாரியின் அடித்தட்டில் கிடைத்தது. மேலெல்லாம் வெள்ளை படிந்திருக்கிறது. பூஞ்சணம் என்றால் எறிந்துவிடத்தான் வேண்டுமா?

எறிய வேண்டாம். தோலின் மேல் படியும் வெள்ளையெல்லாம் பூஞ்சணமல்ல. பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு, மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. வட்ட வட்டமாகவும் பஞ்சுத்தன்மையுடனும் இருந்து, மண்வாடையும் வீசினால் அது பூஞ்சணமே. மெல்லிய மெழுகுப் படலமாகப் படர்ந்திருந்து, தலைமுடி உலர்த்தியின் இளஞ்சூடு பட்டதும் உருகித் தோலுக்குள் மறைந்துவிட்டால், அது பதனிடும்போது தோலுக்கு ஊட்டிய கொழுப்பு மேலே வந்து உறைந்ததாகும். அதனால் கேடெதுவும் இல்லை, துடைத்துவிட்டுப் பிரஷ் போட்டால் போதும். மூன்றாவது உப்பு. வியர்வையாலோ கடல்நீர் பட்டதாலோ கோடு கோடாகத் தெரியும் இந்தக் கறை, ஈரத்துணியால் துடைக்கும்போது மறைந்து, காய்ந்ததும் மறுபடியும் வெளியே வரும். சிறிதளவு நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பலமுறை துடைத்து உப்பை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பூஞ்சணமாக இருந்தால் சப்பாத்தை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, உலர்ந்த பிரஷ்ஷினால் தட்டியெடுங்கள். பின்னர் மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைச் சம அளவு தண்ணீருடன் கலந்து, முதலில் நாக்குத் தோலின் உட்புறத்தில் தொட்டுப் பார்த்து, நிறம் கழலவில்லை என்று கண்டபின் மேற்புறத்தையும் உட்புறத்தையும் துடைக்க வேண்டும். லேஸைப் புதிதாக மாற்றிவிடுங்கள். நிழலில், காற்றோட்டமான இடத்தில் முற்றாகக் காய்ந்த பின்னரே தோல் கிறீம் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டுவதாக முடியும். அதன்பின் திரும்ப அதே அலுமாரிக்குள் வைத்தால் அடுத்த மாரிக்குள் பூஞ்சணம் மீண்டும் வந்துவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு, சப்பாத்தைக் கெடுப்பது நடையல்ல, பூட்டி வைப்பதே. பொலித்தீன் பைக்குள் வைப்பது எல்லாவற்றிலும் மோசம். துணிப்பையும், சப்பாத்தின் வடிவம் குலையாமல் உள்ளே தாங்கும் மர அச்சும், ஐப்பசி தொடங்கித் தை முடியும்வரை வாரமொருமுறை வெளியே எடுத்துக் காற்றாட வைப்பதும் போதுமானவை.

கல்முனையிலிருந்து: வாப்பா பெட்டியோடு வைத்திருந்த, ஒருநாளும் அணியாத சப்பாத்தை ஒரு கலியாணத்துக்குப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்துக்குள் போகுமுன் அடி துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டது. தைப்பவர் ஒட்டித் தருவாரா?

ஒட்ட முடியாது. அந்த அடி பொலியூரிதேன் என்னும் பொருளாலானது. காற்றிலுள்ள ஈரம் அதன் இரசாயனப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். அணியாமல் வைத்ததால் அது தப்பவும் இல்லை. மேல்தோல் நல்லதென்றால் முழு அடியையும் மாற்றலாம், ஆனால் செலவு பெறுமதியைத் தாண்டக்கூடும். சேர்ப்பதற்கு வாங்கும்போது அடியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ பொடியாக வந்தாலோ அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

அம்பாறையிலிருந்து: பாவித்த சப்பாத்துக் குவியலில் நல்லதை எப்படி அடையாளம் காண்பது?

பெயரைப் பிறகு பாருங்கள், தையலை முதலில் பாருங்கள். மேல்தோலுக்கும் அடிக்கும் இடையில் வெல்ட் எனப்படும் ஒடுங்கிய தோல்பட்டி சுற்றிவர ஓடி, அதன் வழியாக அடி தைக்கப்பட்டிருந்தால், மேல்தோலைத் தொடாமலே அடியைப் பலமுறை மாற்றலாம். இறப்பரால் பெயர்பெற்ற சார்ள்ஸ் குட்இயரின் மகன் 1870களில் பரப்பிய இயந்திர முறை இது. பல மலிவுச் சப்பாத்துகளில் வெறும் அலங்காரத்துக்காகப் போலிப்பட்டி ஒட்டியிருப்பார்கள். ஆகவே கையை உள்ளே விட்டுத் தடவுங்கள், அடியையும் திருப்பிப் பாருங்கள். உள்ளடியில், அதாவது பாதம் படியும் உட்தளத்தில், தையல்வரிசை தென்பட்டால், அது அமெரிக்கரான லைமன் பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற வேறு முறை. நேர்த்தியானது, ஆனால் நம் மாரித் தெருக்களில் தண்ணீர் எளிதாக ஏறும். உள்ளே தையல் இல்லாமல் அடியில் மட்டும் தையல் இருந்தால் பெரும்பாலும் வெல்ட்தான்.

அடுத்தது, விரல்கள் மடியும் இடம். சுருக்கம் பரவாயில்லை. அவ்விடத்தை மெதுவாக வளைக்கும்போது வெடிப்பு வாய் திறந்து உள்நார் தெரிந்தால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் விட்டுவிடுங்கள். எந்தக் கிறீமும் அறுந்த நாரைப் பொருத்தாது.

வாழைச்சேனையிலிருந்து: தேங்காயெண்ணெய் பூசலாமா?

கூடாது. தோல் கறுக்கும், தூசி ஒட்டும், நாளடைவில் எண்ணெய் ஊசி நாறும்.

புளியந்தீவிலிருந்து: சப்பாத்தின் வயதை எப்படி அறிவது? நம் ஊரில் பழையவை ஏன் அரிதாக இருக்கின்றன?

இரண்டாவது கேள்விக்கு விடையை நீங்களே அறிவீர்கள். 1978 நவம்பர் 23இன் சூறாவளியும், 2004 டிசம்பர் 26இன் கடற்கோளும், இடையிலிருந்த இடப்பெயர்வுகளும் வீட்டுச் சாமான்களையே விட்டுவைக்காதபோது சப்பாத்துகள் எங்கே தப்பும்? ஆகையால் இன்று நம் கைக்கு வருபவை பெரும்பாலும் வெளிநாட்டு உறவினரின் பொதிகளில் வருபவை.

வயதை அறிய உட்புறத்தில் அச்சிடப்பட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டு ‘சி’ எழுத்துகளும் 41 என்ற எண்ணும் சேர்ந்த முத்திரை இருந்தால், அது பிரித்தானியாவில் 1941 முதல் 1952 வரை நடந்த போர்க்காலச் சிக்கனத் திட்டத்தின் கீழ் செய்யப்பட்டது. இங்கிலாந்தின் நோர்தம்டனில் 1873இல் தொடங்கிய சர்ச்ஸ் என்னும் சப்பாத்து நிறுவனத்தை 1999இல் இத்தாலிய நிறுவனமான பிராடா வாங்கியது. சர்ச்ஸ் சப்பாத்தில் லண்டன், நியூயோர்க், பாரிஸ் என மூன்று நகரங்களின் பெயர் மட்டும் உள்ளே இருந்தால், அதற்கு முந்தியதெனச் சேகரிப்போர் கொள்வர். இத்தகைய அடையாளங்களுக்காக விலை ஏற்றுவதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உள்ளடி சிதைந்த சோடிக்கு முத்திரைக்காகவே பணம் கொடுப்பவர்களை எனக்கு விளங்குவதில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து: அமெரிக்க அளவு ஒன்பது என்கிறார்கள். எனக்குப் பிரித்தானிய அளவு எட்டு. பொருந்துமா?

நீளத்தில் ஏறக்குறையப் பொருந்தும். அகலத்தையும் கேளுங்கள்: நடுத்தர அகலத்தை அமெரிக்கர் ‘டி’ என்றும் பிரித்தானியர் பெரும்பாலும் ‘எஃப்’ என்றும் குறிப்பர்.

திருக்கோவிலிலிருந்து: சந்தையில் இருக்கும் தைப்பவரிடம் தோலடி மாற்றக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் மூன்றைச் சொல்லிக் கொடுங்கள். பழைய அடியைக் கழற்றும்போது வெல்ட்டை வெட்டக்கூடாது. உள்ளடி வழியாக ஆணி அடிக்கக்கூடாது. உள்ளே உள்ள தக்கை நிரப்பு நொறுங்கியிருந்தால் மாற்ற வேண்டும், வெறும் பசையை ஊற்றி மூடக்கூடாது. அடி இன்னும் தேயாதிருந்தால், மாற்றுவதற்குப் பதிலாக முன்பாதியில் மெல்லிய இறப்பர்த் தகடு ஒட்டச் சொல்லுங்கள். தூய்மைவாதிகள் இதை இகழ்வார்கள். அவர்கள் கார்த்திகை மாதத்தில் திருக்கோவில் தெருவில் தோலடியோடு நடந்து பார்க்கட்டும்.