ஆக்ஸ்ஃபோர்டுல முழு டோடோ இருக்கா?

ப்ரோ, பொண்ணைக் கூட்டிட்டு ஆக்ஸ்ஃபோர்டு போறீங்க, அழிஞ்சுபோன பறவையான டோடோ பாடம் பண்ணி முழுசா அங்க இருக்குன்னு ஒருத்தர், 1755லயே எரிச்சிட்டாங்கன்னு இன்னொருத்தர் சொல்றாரு, எதை நம்புறதுன்னு கேட்டிருந்தீங்க. ரெண்டுமே அரைகுறை.

அந்த டோடோ முதல்ல லண்டன் லாம்பெத்ல ட்ரடெஸ்கன்ட் குடும்பத்தோட சேகரிப்புல இருந்துச்சு, 1656 கேட்டலாக்லயே மொரீஷியஸ்லேர்ந்து வந்தது, உடம்பு பெருசு அதனால பறக்காதுன்னு எழுதியிருக்கு, அப்புறம் எலியாஸ் ஆஷ்மோல்ங்கற சேகரிப்பாளர் கைக்குப் போய் 1683ல திறந்த ஆஷ்மோலியன் மியூசியத்துக்கு வந்து சேர்ந்துச்சு. வருஷம் போகப் போக உடம்பு மக்கிப்போச்சு, தலையும் ஒரு காலும்தான் மிஞ்சுச்சு. யாரோ நெருப்புலேர்ந்து பிடுங்கிக் காப்பாத்தினாங்கங்கறது சும்மா கதை, நானும் ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன் 😅

அந்த மிச்சத்துலதான் விஷயமே இருக்கு. தலையில காய்ஞ்ச தோல் இன்னும் இருக்கு, கால் எலும்புலேர்ந்து எடுத்த டிஎன்ஏவை வச்சுதான் டோடோ நம்ம நிக்கோபார் புறாவுக்குச் சொந்தம்னு 2002ல சொன்னாங்க. 2018ல தலையை ஸ்கேன் பண்ணினா பின்மண்டையில ஈயக் குண்டு, பாவம் யாரோ சுட்டிருக்காங்க.

ஒரிஜினலைப் பத்திரமா உள்ள வச்சிருக்காங்க. ஆக்ஸ்ஃபோர்டு நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல நீங்க பாக்கப்போற முழுப் பறவை வெறும் மாடல், அதைப் பொண்ணுகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, அங்க போய் அழுதா கஷ்டம். டிக்கெட் கிடையாது, தாராளமா போங்க.